பொதுசனத் தொடர்பும் நம் வாலிபரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், வாலிபர் அரங்கிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

"படிப்பு முடிந்ததும் என்ன உத்தியோகம்?" என்பது பல்கலைக்கழக மாணவர் எவரும் தப்ப முடியாத கேள்வி. வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காளர் என்று விடை சொன்னால் கேட்டவர் முகம் மலரும். ஆசிரியர் என்றாலும் குறையில்லை. "பொதுசனத் தொடர்பு" என்று சொல்லிப் பாருங்கள். சிறிது நேரம் மௌனம் நிலவும். பிறகு, "அது முதலாளிக்காகப் பொய் சொல்லும் வேலையல்லவா?" என்ற கேள்வி பிறக்கும். இந்தத் தொழிலையே நாடி நிற்கும் சிறியேன், அக்கேள்விக்கு இச்சபையிலே விடை கூற விரும்புகிறேன். அது வீண் கேள்வியன்று. பொய்யுரைத்துப் பொருள் தேடியவர்கள் இத்தொழிலில் இருந்திருக்கிறார்கள்; இன்றும் இருக்கிறார்கள். ஆயினும் இத்தொழிலின் சரித்திரமே, பொய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நமக்குக் காட்டுகிறது.

முதலில், பொதுசனத் தொடர்பு என்பது யாது? ஒரு நிறுவனத்துக்கும், அதன் செயலால் நன்மையோ தீமையோ அடையும் மக்களுக்கும் இடையே நம்பிக்கையை வளர்த்துக் காக்கும் தொழில் அது. விளம்பரம் வேறு, இது வேறு. விளம்பரக்காரர் பத்திரிகையில் இடத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார். நம்பிக்கை கடையில் விற்கப்படுவதில்லை. நாள்தோறும் உழைத்துத்தான் அதைத் தேடவேண்டும். வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம், மின்சார சபை, அரசாங்கத் திணைக்களம், தொண்டு நிறுவனம் ஆகிய எல்லாவற்றுக்கும் இத்தகைய ஒருவர் தேவைப்படுகிறார். பெயர் புதிது, வேலை பழையது. வள்ளுவர் தமது 69ஆம் அதிகாரத்தைத் தூது என்பதற்கே ஒதுக்கினார். தூது செல்வோனுக்கு அன்பும் அறிவும் மட்டும் போதா, வாய்மையும் துணிவும் வேண்டும் என்பது அவர் கருத்து.

இக்காலப் பொதுசனத் தொடர்பு அமெரிக்காவிலே தோன்றியது. பத்திரிகையாளராயிருந்த ஐவி லீ என்பவர் அதன் முன்னோடிகளுள் ஒருவர். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 28ஆம் திகதி, அத்திலாந்திக் சிற்றி என்னும் நகருக்கு அருகே பென்சில்வேனியாப் புகையிரதக் கம்பனியின் வண்டி பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விபத்தை மூடி மறைப்பதே அக்காலக் கம்பனிகளின் வழக்கம். லீ அதற்கு மாறான ஆலோசனை கூறினார். நடந்ததை அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். கதவைத் திறந்துவிட்டதால் கம்பனி கெட்டுவிடவில்லை. அதன்மீது மக்களுக்கு மதிப்பே உண்டாயிற்று.

அதே லீயின் வாழ்வில் இன்னொரு சம்பவமும் உண்டு. 1914ஆம் ஆண்டு ஏப்பிரில் 20ஆம் திகதி, கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்னுமிடத்தில் வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய இருபது பேர் இறந்தனர். அவர்களுள் பதினொருவர் குழந்தைகள். சுரங்கக் கம்பனி றொக்பெல்லர் குடும்பத்தாருடையது. அவர்கள் லீயை அமர்த்தினார்கள். லீ கம்பனியின் பக்கத்தை விளக்கித் துண்டுப்பிரசுரங்களை நாடெங்கும் அனுப்பினார். தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளம் பற்றி அவற்றில் வந்த கணக்கு பிழையானது என்பது பின்னர் வெளிப்பட்டது. 1915இல் விசாரணை ஆணைக்குழுவின் முன் தோன்றிய அவர், கம்பனி தந்த விபரங்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவருடைய பெயரை ஒரு நச்சுக்கொடியின் பெயரோடு சேர்த்துக் கேலி செய்தார்கள். அப்பழி அவர் இறந்த பின்னும் நீங்கவில்லை.

அன்பர்களே! மனிதர் ஒருவரே, திறமையும் ஒன்றே. முதற் சம்பவத்தில் நிருபர்கள் தம் கண்ணாற் காண வழி செய்தார். இரண்டாவதில், பிறர் கையில் வைத்ததை அப்படியே ஊருக்கு எடுத்து ஓதினார். இத்தொழிலின் உயர்வும் தாழ்வும் இந்த இடத்திலேதான் பிரிகின்றன.

இன்னும் இரண்டு உதாரணங்களைக் கூறுவேன். 1982இல் சிக்காகோ நகரப் பகுதியில், யாரோ ஒருவர் நஞ்சு கலந்த டைலனோல் என்னும் வலிமாத்திரைகளை உட்கொண்டு ஏழு பேர் இறந்தனர். குற்றம் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனியினுடையதன்று. இருப்பினும், அம்மாத்திரையை உண்ணவேண்டாமென்று கம்பனியே மக்களுக்கு அறிவித்தது. ஏறக்குறைய 3 கோடி 10 இலட்சம் போத்தல்களைத் திரும்பப் பெற்றது. பத்துக் கோடி டொலருக்கு மேல் நட்டம். ஆனால், எவரும் இரகசியமாய்த் திறக்க முடியாத புதிய அடைப்போடு மாத்திரை மீண்டும் கடைக்கு வந்தபோது மக்கள் அதை வாங்கினார்கள்.

மற்றையது பெல் பொட்டிங்கர் என்னும் இலண்டன் நிறுவனத்தின் கதை. தென்னாபிரிக்காவிலே, செல்வாக்குள்ள ஒரு வர்த்தகக் குடும்பத்தின் கம்பனிக்காக அது நடத்திய பிரசாரம், இனங்களுக்கிடையே பகையை மூட்டியது. 2017 செப்டெம்பரில் பிரித்தானியாவின் பொதுசனத் தொடர்புத் தொழில்சார் சங்கம் அதைத் தன் அங்கத்துவத்திலிருந்து நீக்கியது. அதே மாதத்தில் நிறுவனமும் வீழ்ந்தது. இனப்பகையின் விலையைக் கொடுத்த நாட்டிலே பிறந்த நமக்கு இக்கதையைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டுவதில்லை.

நமது நாட்டின் பெயரும் இச்சரித்திரத்தில் உண்டு. இலங்கைத் தேயிலையை உலகுக்கு அறிமுகப்படுத்துவதற்கென்றே பிரசாரச் சபையொன்று அக்காலத்தில் இயங்கியது. அதற்காக பஸில் றைட் என்பவர் 1934இல் எடுத்த இலங்கைப் பாடல் என்னும் படம், விவரணப் படங்களுள் இன்றும் போற்றப்படுகிறது. இலங்கைத் தேயிலையின் பெயர் உலகெங்கும் பரவியது. பெயர் தேடுவது தவறன்று. நல்ல சரக்குக்கு நல்ல பெயர் வேண்டும். ஆனால் அத்தேயிலையைக் கொய்த கைகளின் கதை என்ன? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டில்தான் சட்டம் வந்தது. தேயிலைக்காகப் பேசச் சபை இருந்தது; கொழுந்து பறித்தவருக்காகப் பேசியவரின் குரல் உலகத்தின் செவிக்கு எட்டவில்லை. எவருடைய சார்பில் பேசுகிறோம், எவருடைய குரல் விடுபட்டுப் போகிறது என்ற கேள்வியைக் கேளாமல் இத்தொழிலைச் செய்யலாகாது.

இனி, நம் வாலிபர்களுக்கு இத்தொழிலிலே என்ன இடம் இருக்கிறது என்று பார்ப்போம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பகிரங்க அதிகாரசபை ஒவ்வொன்றும் தகவல் அலுவலரை நியமிக்கவேண்டும். கோரிக்கை கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்கவேண்டும். சட்டத்திலே கதவு திறந்தாயிற்று. அக்கதவின் அருகே நின்று, வருவோருக்கு விளங்கும் மொழியில் விடை சொல்ல ஆட்கள் வேண்டும்.

"உரிய ஆவணங்களைக் குறித்த காலவரையறைக்குள் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில் மேற்படி கொடுப்பனவு இடைநிறுத்தப்படும்" என்று ஓர் அறிவித்தல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரிலே தனியே வாழும் ஓர் ஆச்சிக்கு இதை வாசித்துக் காட்டினால் என்ன விளங்கும்? "ஆச்சி, வெள்ளிக்கிழமைக்கு முன் அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள்; வராவிட்டால் காசு நின்றுபோகும்" என்றால் உடனே விளங்கும். முதல் வசனத்தை எழுதியவர் தம் கடமை முடிந்ததென்று எண்ணுவார். ஆச்சியோ அந்த மாதச் சோற்றை இழப்பாள். இவ்விரு வசனங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பிப்பது பெரிய தொண்டு என்பதே என் துணிபு.

ஆச்சி திரும்பிச் சொல்வதையும் மேலிடத்துக்குக் கொண்டு செல்வது அத்தொண்டின் மறுபாதி. "பஸ் இல்லாத நாளில் வரச் சொல்கிறார்கள்" என்று அவள் சொன்னால், அதை அதிகாரியின் மேசையில் வைத்து, நாளை மாற்றும்படி வற்புறுத்த வேண்டும். வாய் மட்டும் உள்ளவன் பறைசாற்றுவோன். செவியும் உள்ளவனே பொதுசனத் தொடர்பாளன்.

ஆகவே, இத்தொழிலை நாடும் தோழர்களே! நான் அறிந்த அளவில் சில ஆயத்தங்களைக் கூறுகிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பேசவும் எழுதவும் பழகுங்கள். இந்நாட்டில் இதைவிடச் சிறந்த மூலதனம் இல்லை. வரவு செலவுக் கணக்கை வாசிக்கப் பழகுங்கள். கணக்கு விளங்காதவரை எவரும் எளிதில் ஏமாற்றலாம். முறையாகக் கற்க விரும்புவோருக்கு யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் களனியிலும் ஊடகமும் தொடர்பாடலும் சார்ந்த பட்டப்படிப்புகள் உள. இலண்டனிலே 1948இல் தொடங்கிய பொதுசனத் தொடர்பு நிறுவகம், 2005இல் அரச பட்டயம் பெற்று இன்று உலகெங்குமுள்ளோருக்குத் தொழிற்றகைமை வழங்குகிறது.

நான் பயின்ற மிஷன் பாடசாலையிலே விவாத மேடை ஒன்றிருந்தது. இன்று வெட்டியும் நாளை ஒட்டியும் பேசுவோம்; அது நாவுக்கு நல்ல பயிற்சி. ஆனால் விவாத மேடையில் தோற்றால் ஒரு வெள்ளிக் கிண்ணம் போகும். பொதுவாழ்வில் பொய்யை வெல்ல வைத்தால் பிறர் உயிரும் போகலாம். எந்தப் பக்கத்தையும் பேசத் தெரிந்தவர், எந்தப் பக்கத்தைப் பேசமாட்டோம் என்பதையும் முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே அந்த எல்லைக்கோட்டைக் கீறிவிடுங்கள். சம்பளமும் வாகனமும் வந்த பின் கீறுவது கடினம்.

பயிற்சிக்கு நெடுந்தூரம் போகவேண்டியதுமில்லை. சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதும்போது நடந்தவற்றோடு நடவாதவற்றையும் சொல்லுங்கள். சேர்த்த பணத்தையும் செலவழித்த பணத்தையும் எல்லோரும் காணும்படி பலகையில் ஒட்டுங்கள். குறை சொல்ல வருபவரை இருத்தி வைத்துக் கேளுங்கள். இவற்றைச் சங்கத்தில் செய்யப் பழகியவருக்குக் கம்பனியில் செய்வது அரிதன்று.

இன்று கைத்தொலைபேசியில் ஒரு வதந்தி கணப்பொழுதிலே நாடு முழுவதும் பரவுகிறது. செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் அழகான அறிக்கையை ஒரு நிமிடத்தில் எழுதித் தருகின்றன. அப்படியானால் இத்தொழிலுக்கு எதிர்காலம் உண்டோ என்று கேட்பீர்கள். அறிக்கை எழுதுவதோடு வேலை முடிந்ததென்று நினைப்பவருக்கு எதிர்காலம் இல்லை. பாலம் உடைந்த இடத்துக்குத் தானே போய்ப் பார்ப்பதும், ஆச்சியின் திண்ணையில் அமர்ந்து கேட்பதும், "ஐயா, இது உண்மையல்ல, இதன் கீழ் நான் கையொப்பமிட மாட்டேன்" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்வதும் மனிதர் செய்யவேண்டிய வேலை.

பெரியோர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று இத்தொழிலை விரும்பினால், "பொய் சொல்லும் வேலை" என்று தடுத்துவிடாதீர்கள். "மெய் சொல்லும் துணிவு உனக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருக்கிறதென்று கண்டால் ஆசி கூறி அனுப்புங்கள். மெய்யர்கள் விலகி நின்றால் அந்த நாற்காலியில் வேறு யாராவது வந்து அமர்வார்கள்; நாற்காலி வெறுமையாய் இராது.