வெண்பட்டு வாங்கும் முன் நூலைப் பாருங்கள்



கல்யாண சீசன் வந்தா சேலம் கடைவீதியில வேட்டி, சேலைக்குக் கூட்டம்தான். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டை நம்பி வர்றீங்க. கையில கிடைக்கிறது அதுதானா?

முதல்ல நூலைப் பற்றி. கச்சாப் பட்டு நூல் விறைப்பா, மங்கலா இருக்கும். காரணம், அதன்மேல் படிந்திருக்கும் செரிசின் என்ற பசை. சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்க வைத்தால்தான் பசை கரைந்து பளபளப்பு வரும். ஒரு கிலோ கச்சாப் பட்டில் பசை போனபின் மிஞ்சுவது சுமார் 750 கிராம். அந்தக் கால் கிலோவுக்கும் சேர்த்துதான் விலை கொடுத்து நூல் வாங்குறாங்க. பட்டு ஏன் இந்த விலைன்னு கேட்கிறவங்களுக்கு இதுவும் ஒரு பதில்.

வேட்டிக்கு அந்த வெண்மையே போதும். கரைக்கும் சேலைக்கும் சாயம் ஏத்தணும். நூல் சிட்டங்களைக் கம்பில் மாட்டி, கொதிக்கும் சாயத் தொட்டியில் கையாலேயே திருப்பித் திருப்பி முக்குவாங்க. நின்னா திட்டுத் திட்டா ஆயிடும். ஒரு தொட்டிச் சாயத்துக்கும் அடுத்ததுக்கும் நிறம் இம்மி வித்தியாசப்படலாம். அதைக் குறைன்னு சொல்லித் திருப்பிக் கொடுக்காதீங்க.

இப்போ போலியைப் பற்றி. பாலியஸ்டரும் பளபளக்கும். ஓரத்தில் தொங்கும் இழை ஒன்றை உருவி, கடைக்காரர் அனுமதியோடு கொளுத்திப் பாருங்க. பட்டு, முடி கருகும் நாற்றம் அடிக்கும். சாம்பலைத் தேய்த்தால் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். ஜரிகை இழையை எடுக்காதீங்க, குழப்பிவிடும்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று. சில்க் மார்க் முத்திரை பட்டு சுத்தமானது என்று மட்டுமே சொல்லும்; கைத்தறி என்று சொல்லாது. கைத்தறி முத்திரை கையால் நெய்தது என்று சொல்லும். பட்டு என்று சொல்லாது. கைத்தறிப் பட்டு என்று விலை கேட்டால் இரண்டையும் தேடுங்க.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, வேட்டி, சேலை உட்பட 11 ரகங்கள், குறிப்பிட்ட வரையறைக்குள் வருபவை, கைத்தறிக்கே உரியவை. அவற்றை விசைத்தறியில் நெய்யத் தடை உண்டு. பேருக்கு இருக்கும் சட்டம் என்று நினைக்காதீங்க. போலி ஒன்று விற்றால் ஒரு தறியில் அன்றைய வேலை நிற்குது.

பில்லில் 'கைத்தறி, சுத்தப் பட்டு' என்று எழுதித் தரச் சொல்லுங்க. முத்திரையையும் பில்லையும் போனில் படம் எடுத்து வச்சுக்கோங்க. ஏமாந்தது தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அந்தப் படங்கள் அப்போது தேவைப்படும்.