மெனு அட்டை சொல்வதும் சொல்லாததும்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)



பென்ஷன்காரர்களின் பொழுதுபோக்கு பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக் கொண்டார். தபால்தலை, நாணயம் சேர்ப்பவர்கள் இங்கே பலர் உண்டு. நான் சேர்ப்பது, அமெரிக்க ரயில்களின் சாப்பாட்டுப் பெட்டிகளில் கொடுத்த பழைய மெனு அட்டைகள். பெண் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள பழம்பொருள் சந்தைகளில் வாங்கியவை. "முட்டைகூடத் தொடாத மனுஷருக்கு இதெல்லாம் எதற்கு?" என்பாள் என் சகதர்மிணி. சாப்பிடுவதற்கு அல்ல, படிப்பதற்கு!

ஜார்ஜ் புல்மன் 1868-ல் 'டெல்மோனிகோ' என்ற சாப்பாட்டுப் பெட்டியை ஓடவிட்டார். அதற்கு முன் வண்டி நிற்கும் சில நிமிஷங்களில் ஸ்டேஷனில் இறங்கி அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். இந்தப் பெட்டிகளால் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் நஷ்டம்தான். பிரயாணிகளைத் தங்கள் வண்டிக்கு இழுக்கும் விளம்பரமாகவே அவற்றை நடத்தினார்கள். மெனு அட்டைகள் அவ்வளவு அழகாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

ஓர் உதாரணம். வாஷிங்டன் மாநிலத்தில் விளைந்த ராட்சத உருளைக்கிழங்குகளை வாங்க ஆளில்லாமல் பன்றிகளுக்குப் போட்டு வந்தார்கள். 1909-ல் நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் சாப்பாட்டுப் பிரிவைக் கவனித்த ஹேசன் டைட்டஸ் அவற்றை வாங்கிச் சுட்டு, வெண்ணெயுடன் பரிமாறினார். அந்தக் கிழங்கே கம்பெனியின் விளம்பரச் சின்னமாகிவிட்டது. நம்மவர்கள் தைரியமாகச் சாப்பிடக்கூடிய ஐட்டம்!

பல அட்டைகளில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். வேண்டியதைப் பிரயாணியே சீட்டில் எழுதித் தர வேண்டும், வாய்மொழி ஆர்டரை சர்வர் ஏற்கக்கூடாது. 'எல்லாம் எழுத்து மூலம்' என்று சர்க்கார் ஆபீசில் காலம் தள்ளிய எனக்கு இது மிகவும் பிடித்தது.

அட்டையில் இல்லாத விஷயமும் உண்டு. பரிமாறியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தர்குட் மார்ஷல் கல்லூரிச் செலவுக்காக ரயிலில் சர்வர் வேலை பார்த்தவர். 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

1942-ல் எல்மர் ஹெண்டர்சன் என்ற மத்திய அரசு அலுவலர் உத்தியோக நிமித்தம் சதர்ன் ரயில்வேயில் போனார். கறுப்பினத்தவருக்கென்று சமையலறை ஓரம் திரை போட்ட இரண்டு மேஜைகள். அங்கேயும் வெள்ளையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டும் இடம் தரவில்லை. கடைசியில் அந்தப் பெட்டியையே கழற்றிவிட்டார்கள். அவர் விடாமல் வழக்காடினார். அந்த ஏற்பாடு சட்ட விரோதம் என்று 1950-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டூரில் போன ஓர் அதிகாரி பட்டினியாகத் திரும்பிய கதை இது. நானும் டூர் போனவன். மனசு கேட்கவில்லை.

இதைச் சொல்லிவிட்டு நம் பக்கத்தை மறைப்பது நியாயமல்ல. தென்னிந்திய ரயில் நிலைய போஜனசாலைகளிலும் 'பிராமணாள்', 'இதராள்' என்று தடுப்பு இருந்தது. 1941-ல்தான் அது போயிற்று. தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்தவர்கள் நம் தாத்தாக்கள். ருசியாகச் சாப்பிட்ட ஞாபகத்தை மட்டும் பேரன்களுக்குச் சொன்னால் அது பாதிச் சரித்திரம்தான்.

கடைசியாக, கெமிஸ்ட்ரி படித்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள். மட்டமான காகிதத்தில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். அமிலம் இழைகளை முறித்துவிடும். ஆகவே பழைய காகிதத்தை வெயிலில் வைக்காதீர்கள், லாமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். அமிலமில்லாத உறையில் போடுங்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்பதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அட்டை டிக்கெட்டோ கால அட்டவணையோ இருக்கும். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு தடவை பாருங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அந்தப் பிரயாணத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.