வாழை இலைக்குத் தொட்டி எங்கே?

ஆலயம், தமிழ்ப்பள்ளி, குடியுரிமை என்று பெரிய பிரச்சினைகள் இருக்க, குப்பையைப் பற்றிப் பேச ஒரு வழக்கறிஞர் வந்து நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அரசாங்கம் உங்கள் வாசலுக்கு வாரம் தவறாமல் வருவது குப்பை லாரியில்தான்.

நம்மவர்களுக்குச் சுத்தம் தெரியாது, மாடியிலிருந்து குப்பையை வீசுகிறவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நம்மவர்களே அதைச் சொல்கிறார்கள். வீசுகிறவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தை உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். சோறு வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் மாட்டுக்குப் போயின. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் மறுநாள் காலைப் பசியாறல். தேங்காய் மட்டை அடுப்புக்கு. சாப்பிட்ட இலையை ஆடு தின்னும், இல்லையென்றால் வாழையடியிலேயே மக்கும். கடைச் சாப்பாடும் நாசி லெமாக்கும் இலையிலும் பழைய நாளிதழிலும் மடித்து வந்தன. அந்த வீடுகளில் குப்பை என்று வெளியே போனது எவ்வளவு?

பிறகு தோட்டங்கள் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டன. நம் மக்கள் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தார்கள். மாடு இல்லை, மண் இல்லை, கறிவேப்பிலை வைக்க ஒரு சாண் இடமில்லை. வீட்டைக் கட்ட அனுமதி கொடுத்தவர்கள் குப்பை அறை ஒன்றைக் காட்டினார்கள். எல்லாமே அதில்தான். பழக்கம் மாறியது என்கிறோம். பழக்கத்துக்கு இருந்த இடத்தை எடுத்துவிட்டார்கள் என்பதே சரி.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, பெர்லிஸ், கெடா, பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர் அதை ஏற்றுக்கொண்டன. அங்கெல்லாம் 2015 செப்டம்பர் முதல் குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்றார்கள். 2016 ஜூன் முதல் அபராதம்: முதல் முறை 50 வெள்ளி, அடுத்து 100, பிறகு 500. அதற்கு மேல் நீதிமன்றம், 1000 வெள்ளி வரை.

எதைப் பிரிக்கச் சொன்னார்கள்? தாள், நெகிழி, கண்ணாடி, உலோகம். தோட்டத்துக் குப்பை தனி. உணவுக் கழிவு? அது 'சிசா பாக்கி', அதாவது மிச்சம். வாசலில் உதிர்ந்த வாழை இலைக்கு ஒரு வழி. அதே இலையில் சாப்பிட்டுவிட்டால் அணையாடையோடு ஒரே பையில். அரசாங்கமே 2012-ல் எடுத்த ஆய்வில் வீட்டுக் குப்பையில் சுமார் 44 விழுக்காடு உணவுக் கழிவு என்று வந்தது. அந்தப் பெரும்பகுதிக்குத் தனித் தொட்டி கொடுக்காமல், மற்றதைக் கலந்தால் அபராதம் என்றார்கள்! அந்த உணவும் இலையும் குப்பை மேட்டுக்கடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. வாழையடியில் போட்டால் உரம்.

சிலாங்கூரில் 2017-ல் கடையில் நெகிழிப்பைக்கு 20 காசு வாங்கத் தொடங்கினார்கள். நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பழுப்புத் தாளில் கட்டும் சோற்றைப் பிரித்துப் பாருங்கள், உள்பக்கம் நெகிழிப் பூச்சு. இலையில் கட்டிக் கொடுக்கும் கடைக்காரருக்கு உரிமக் கட்டணத்தில் ஒரு சலுகை கொடுத்தால் என்ன? கேட்பதற்கு ஆள் வேண்டும்.

அதுதான் சிக்கல். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறீர்கள், சட்டமன்றத்துக்குப் போடுகிறீர்கள். குப்பை, சந்தை, அங்காடி உரிமம் பார்க்கும் ஊராட்சி மன்றத்துக்குப் போடுவதில்லை. அந்தத் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்டது. அதைத் தொடர வேண்டும் என்று 1968-ல் பரிந்துரைத்த அரச விசாரணை ஆணையத்தின் தலைவர் யார் தெரியுமா? நம் செனட்டர் ஆதி நாகப்பன். கேட்கவில்லை. 1976-ஆம் ஆண்டு சட்டம் நியமன முறையை நிரந்தரமாக்கியது. மன்ற உறுப்பினர்கள் 8 முதல் 24 பேர் வரை, மாநில அரசு நியமிக்கிறது.

ஆனாலும் ஓர் ஓட்டு உங்கள் கையில் இருக்கிறது. அடுக்குமாடியில் வீடு உங்கள் பெயரில் இருந்தால், 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள் வாக்களிக்கலாம். பொங்கலுக்குக் கீழே அடுப்பு வைக்க இடம், உணவுக் கழிவுக்குத் தனித் தொட்டி, சுவரோரம் நாலு வாழை எல்லாம் அங்கே பேச வேண்டியவை. துணை விதிகளைக் கூட்டவோ மாற்றவோ 21 நாள் அறிவிப்பும் விழுந்த ஓட்டில் முக்கால் பங்கும் தேவை. பாதிப் பேர் வராவிட்டால் கூட்டம் நடக்காது என்று நினைக்காதீர்கள். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்த பத்துப் பேரை வைத்தே நடத்தலாம். அந்தப் பத்துப் பேர்தான் உங்கள் பொங்கல் பானையை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

இன்னொன்று. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் ஓட்டு இல்லை. நம் குடும்பங்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்டு இப்போதே எழுதுங்கள், கூட்டத்துக்கு முன் பாக்கி தீரும்படி. கடைசி ரசீதைக் கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள், கடிதத்தை இங்கேயே எழுதிவிடலாம்.