செத்த பறவைக்கு ஓர் அளவு வரைபடம்
(ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"தொழிலைப் பற்றிப் பேசி அறுக்காதே, வேறு ஏதாவது பேசு" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் பறவைகளையும் மிருகங்களையும் வரைந்த ஓர் ஓவியரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனாலும் தொழிலை முழுசாக விட்டு வரமுடியலீங்க. நாம் முதல் வருஷம் டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு படித்தோமே இன்ஜினியரிங் டிராயிங், அது இவர் கதைக்குள்ளே நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறது.

பெயர் சார்லஸ் டன்னிக்ளிஃப். 1901-ல் இங்கிலாந்தில், செஷயர் பகுதியிலுள்ள லாங்லி கிராமத்தில் பிறந்தவர். பக்கத்து ஊரில் ஒரு சின்னப் பண்ணையில் வளர்ந்தார். குதிரை, மாடு, பன்றி, கோழி, இவைதான் சிறுவயதில் அவருக்குக் கூட்டாளிகள். மக்கிள்ஸ்ஃபீல்ட் ஓவியப் பள்ளியில் படித்து, 1921-ல் உதவித்தொகை பெற்று லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டுக்குப் போனார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சிற்பி ஹென்றி மூர் சேர்ந்ததும் அதே வருஷம், அதே கல்லூரி. ஒரே வருஷம் சேர்ந்த இரண்டு பேர் எப்படி எதிரெதிர்த் திசையில் போகிறார்கள் பாருங்க! மூர் உருவத்தை உருக்கி எளிமையாக்கிக்கொண்டே போனார். இவரோ ஓர் இறகைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

லண்டனில் அவர் முக்கியமாகக் கற்ற வித்தை எட்சிங். உலோகத் தகட்டின்மேல் அமிலம் தின்னாத பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்கினால் கீறிய இடம் மட்டும் குழியும். அந்தக் குழியில் மையை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தி எடுப்பார்கள். பெருநகரத்தில் உட்கார்ந்து அவர் தகட்டில் கீறியது எதை? விட்டுவந்த பண்ணையைத்தான். மாடு, குதிரை, பன்றி, வைக்கோல் அறுவடை என்று. ஊரைவிட்டு வந்த பையனுக்கு ஊர் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாளில் எட்சிங் வாங்கிச் சேர்க்கும் பணக்காரர்கள் நிறைய இருந்தார்கள். 1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்ததும் அந்த வியாபாரமும் கூடவே படுத்துவிட்டது. அதே வருஷம்தான் டன்னிக்ளிஃப் தன்னோடு ஓவியம் படித்த வினிஃபிரெடைக் கல்யாணம் செய்துகொண்டார். கையிலிருந்த தொழில் போய்விட்டது, குடும்பம் ஆரம்பித்துவிட்டது. சொந்த ஊர்ப் பக்கமே இருந்துகொண்டு விளம்பர வேலை, புத்தக வேலை என்று கிடைத்ததை எல்லாம் செய்தார்.

அப்போது கைகொடுத்தது ஒரு நீர்நாய். ஹென்றி வில்லியம்சன் எழுதிய 'டார்க்கா தி ஆட்டர்' என்ற நாவல் 1927-ல் வந்தது. அதன் 1932-ம் வருஷப் பதிப்புக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்யும் வாய்ப்பு இவருக்கு வந்தது. இது எட்சிங்குக்கு நேர்மாறு. கடினமான மரத்தைக் குறுக்கே வெட்டி, அந்த முகத்தை வழவழப்பாக்கி, கூரான உளியால் செதுக்குவது. செதுக்கிய இடம் வெள்ளையாக நிற்கும், விட்ட இடம் கறுப்பாக விழும். இருட்டிலிருந்து வெளிச்சத்தை வெட்டி எடுக்கிற வேலை. நனைந்த நீர்நாயின் மயிருக்கும், இரவு ஆற்றில் நெளிகிற வெளிச்சத்துக்கும் இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் புத்தகத்தோடு அவர் பெயர் நிலைத்தது. அதன்பின் வில்லியம்சனின் வேறு புத்தகங்களும் அவரைத் தேடி வந்தன.

இனிமேல்தான் நம்ம சமாச்சாரம். புத்தகப் படம் போடுகிறவருக்கு ஒரு தொல்லை உண்டு. ஓவியக் கண்காட்சியில் வாத்தின் இறக்கை கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பறவைப் புத்தகத்தில் இருந்தால், விஷயம் தெரிந்த வாசகர் கடுதாசி போட்டுவிடுவார்! உயிருள்ள பறவையோ நமக்காக நின்று கொடுக்காது. டன்னிக்ளிஃப் என்ன செய்தார் என்றால், செத்த பறவைகளைச் சேகரித்தார். கரை ஒதுங்கியது, தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தது, எதுவானாலும் சரி. மேசையில் கிடத்தி, அளவெடுத்து, உயிரளவுக்கு, அதாவது ஒன்றுக்கு ஒன்று ஸ்கேலில் வரைந்தார். இறக்கையை விரித்து மேல்முகம் ஒன்று, கீழ்முகம் ஒன்று. வால், கால், அலகு தனித்தனியாக. இறகுகளை எண்ணி வைத்தார். பக்கத்திலேயே குறிப்புகள். நாம் எலிவேஷன், பிளான், டீட்டெயில் என்று போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வித்தியாசம் உண்டு. நம்ம இயந்திரம் நாளைக்கும் அப்படியே இருக்கும். செத்த பறவை இருக்காது. கண்ணின் நிறமும் காலின் நிறமும் மங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் நாற்றம் வேறு. கெட்டுப்போவதற்குள் முடித்தாக வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறார். வினிஃபிரெட் அம்மாவின் பொறுமையை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சரி, பிணத்தை அளந்தால் படத்தில் உயிர் எங்கிருந்து வரும்? நியாயமான கேள்வி. அளவு மட்டும் தெரிந்து வரைந்த பறவை, பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைத்த பறவை மாதிரித்தான் இருக்கும். இந்த ஆபத்திலிருந்து அவரைக் காப்பாற்றியது இன்னொரு வகை நோட்டுப் புத்தகம். 1947-ல் வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில், மால்ட்ரெய்த் என்ற ஊரில், கழிமுகத்தைப் பார்த்த ஒரு வீட்டுக்குக் குடிபோனார். வீட்டுக்குப் பேரே 'ஷோர்லேண்ட்ஸ்'. வாசலில் சேற்றுநிலம், அதில் உள்ளானும் நாரையும் அன்னமும். தினமும் போய் வேகவேகமாகக் கோடு இழுப்பார். தூங்குகிற பறவை கழுத்தை எங்கே மடிக்கிறது, காற்றில் எப்படிச் சாய்ந்து நிற்கிறது, இதெல்லாம் பிணம் சொல்லாத சேதி. வீட்டுக்கு வந்து அவற்றைப் பெரிய நோட்டில் வண்ணத்தோடு விரித்து எழுதிக்கொள்வார். அளவு ஒரு கையில், அசைவு ஒரு கையில். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டுதான் அச்சுக்குப் போகிற படத்தைத் தொடுவார்.

1959 முதல் 1961 வரை குழந்தைகளுக்காக வந்த லேடிபேர்ட் பருவகாலப் புத்தகங்களில் அந்தப் படங்களைப் பார்க்கலாம். நமக்கெல்லாம் பேர் தெரிந்த அதே புரூக் பாண்ட், இங்கிலாந்தில் தேயிலைப் பாக்கெட்டுக்குள் போட்ட பட அட்டைகளுக்கும் வரைந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டை! அதற்குப் பின்னாலும் அந்த உழைப்பு நிற்கிறது.

அரச ஓவியக் கழகத்தில் 1954-ல் முழு உறுப்பினர் ஆனார். ஆண்டுதோறும் அங்கே பெரிய பெரிய நீர்வண்ணப் படங்கள் வைத்தார். என் அபிப்பிராயத்தைச் சொன்னால் ஓவியம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம்: அந்தப் பெரிய படங்களில் சில, வரவேற்பறைக்காகச் சிங்காரித்த மாதிரி இருக்கின்றன. அவருடைய உச்சம் அந்த அளவு வரைபடங்கள்தான். அவரோ அவற்றைத் தன் வேலைக்கான கருவியாக வைத்திருந்தாரே ஒழிய, விற்கவில்லை. 1974-ல் அரச ஓவியக் கழகம் அவற்றைக் கண்காட்சியாக வைத்தபோது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

1979-ல் காலமானார். 1981-ல் மொத்தச் சேகரிப்பும் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. ஒரு பாலத்தின் வரைபடக் கட்டை ஷீட் ஷீட்டாகப் பிரித்து ஆளுக்கொருவர் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க. தனி ஷீட் சுவருக்கு அழகாக இருக்கும், பாலம் போய்விடும். அப்படி நடக்காமல் ஆங்கிள்சியின் உள்ளாட்சி மன்றமே முழுவதையும் வாங்கிவிட்டது. சின்னத் தீவு, சொந்த மண்ணில் பிறக்காத மனிதர், இருந்தாலும் வாங்கினார்கள். லாங்கெஃப்னி ஊரில் 1991-ல் திறந்த ஓரியல் இனிஸ் மோன் கலைக்கூடத்துக்கு அந்தச் சேகரிப்பு போய்ச் சேர்ந்தது.

அளவு வரைபடங்களின் அச்சுப் புத்தகம் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். பின்வரிசை மேசையில் வைக்கிறேன், குழந்தைகளை முதலில் பார்க்க விடுங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கிறவர்கள் தயவுசெய்து கையை நன்றாகக் கழுவிவிட்டுப் புரட்டவும்.