கத்தோலிக்கப் பாடசாலையா, பொதுப் பாடசாலையா?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி ரொறன்ரோவில் நிகழ்ந்த விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பேசும் அவையில் பாடசாலைத் தெரிவு பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணலாம். நாம் எழுதும் கவிதையை முப்பது ஆண்டுகளின் பின் இந்நாட்டில் வாசிக்கப்போகிறவர் யார் என்ற வினாவுக்கு விடை, நான்கு வயதுப் பிள்ளையைப் பாலர் வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே உருவாகத் தொடங்குகிறது. ஆகவே இப்பொருள் இந்த அவைக்கு உரியதே.

ஒன்ராறியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பாடசாலை என்பது தனியார் பாடசாலை அன்று. பொதுப் பாடசாலையைப் போலவே அதுவும் மக்களின் வரிப்பணத்தில் இயங்குவது, கட்டணம் பெறாதது. இரண்டிலும் மாகாணப் பாடத்திட்டமே கற்பிக்கப்படுகிறது. மூன்றாம், ஆறாம் வகுப்புகளில் நடைபெறும் மாகாணத் தேர்வுகளும் இரண்டுக்கும் பொதுவானவை. ஆசிரியரின் தகுதிச் சான்றும் ஒன்றே. வேறுபாடு சமயத்தில் இருக்கிறது. கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையில் சேர்வதற்குப் பிள்ளையோ பெற்றோருள் ஒருவரோ கத்தோலிக்கராய் இருத்தல் பொதுவான விதி. சில கல்விச் சபைகள் விதிவிலக்கு அளிப்பதும் உண்டு. உயர்நிலைப் பாடசாலையின் வாயிலோ எல்லாச் சமயத்தவருக்கும் திறந்திருக்கிறது.

இந்த ஏற்பாடு எவ்வாறு வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிருந்த பொதுப் பாடசாலை, பெயரளவில் பொதுவாயினும், புரொட்டஸ்தாந்துச் சாயல் உடையதாக இருந்தது. சிறுபான்மையினரான கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை கேட்டுப் போராடினர். 1863ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை உறுதிசெய்தது. 1867இல் கனடா உருவானபோது அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு அதற்குக் காப்பளித்தது. ஒரு சிறுபான்மை தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய அரண் இது. சிறுபான்மையின் துயர் அறிந்த நாம் இதனை எள்ளி நகையாட இயலாது.

ஆயினும் அந்த அரணுக்குள் ஏனைய சிறுபான்மையினர்க்கு இடமில்லை. யூதரும் பிறரும் தம் சமயப் பாடசாலைகளுக்கு நிதி கேட்டுத் தொடுத்த வழக்கில், அரசு தரவேண்டிய கடப்பாடு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. இது பாகுபாடே என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1999இல் கூறியது. 2007ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலில் எல்லாச் சமயப் பாடசாலைகளுக்கும் நிதி என்ற திட்டத்தை முன்வைத்த கட்சி தோல்வி கண்டது. பழைய ஏற்பாடு நிலைபெற்றிருக்கிறது. அதற்குள்தான் நாம் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்த வினா ஈழத்தமிழராகிய நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலைகள் கல்வியின் பெருவாயிலாய் விளங்கிய காலத்தில், அவற்றுள் ஒன்றிலே பயின்று, பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. அச்சுக்கூடம் அமைத்தார், பாலபாடம் எழுதினார். கட்டடத்தை விடப் பாடநூலே பிள்ளையைத் தொடும் என்பதை அவர் அறிந்திருந்தார். பின்னர் 1960, 1961ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு உதவிபெறும் சமயப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கர் எழுப்பிய எதிர்ப்பையும் நம் மூத்தோர் கண்டனர்.

இப்பின்னணியில் இன்றைய பெற்றோரின் காரணங்களைப் பார்ப்போம். கத்தோலிக்கப் பாடசாலையில் ஒழுக்கம் மிகுதி என்பது பலர் வாய்ச்சொல். சீருடையும் வரிசையும் கண்ணுக்கு இனியவை. ஆனால் அவை ஒழுக்கத்தின் ஆடை, ஒழுக்கமே அல்ல. பொதுப் பாடசாலையில் கடவுள் நினைவே இல்லை என்பது மற்றொரு சொல். நீதிமன்றத் தீர்ப்பினால் 1988இல் அங்கே கிறித்தவச் செபம் நீங்கியது உண்மை. அது நீங்கியதால்தான் சைவப் பிள்ளையும் இசுலாமியப் பிள்ளையும் அந்த வகுப்பில் விருந்தினராக அன்றி உரியவராக அமர முடிகிறது.

மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரத்திலும் தலைமுறை தலைமுறையாய்க் கத்தோலிக்கராய் வாழ்ந்து வந்த குடும்பங்களுக்கு என் விடை தெளிவு. வீட்டுச் செபமும் வகுப்புச் செபமும் ஒன்றாகும் இடத்தில் பிள்ளையின் மனம் பிளவுபடாது. இரண்டாம் வகுப்பில் முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும் பிள்ளைக்கு ஆசிரியரும் பெற்றோரும் ஒரே மொழி பேசுவது பெரும் பேறு. அவர்கள் தயங்க வேண்டியதில்லை.

கத்தோலிக்கர் அல்லாத பெற்றோர்க்கும் என் விடை தெளிவே. சேர்க்கைப் படிவத்துக்காக ஞானஸ்நானம் பெறும் எண்ணம் எவர் உள்ளத்திலேனும் எழுமாயின், அதனை அங்கேயே விட்டுவிட வேண்டுகிறேன். ஞானஸ்நானம் கத்தோலிக்கருக்குத் திருவருட்சாதனம், நுழைவுச்சீட்டு அன்று. அதனை அவ்வாறு பயன்படுத்துவது அவர்களின் நம்பிக்கைக்கும் இழுக்கு. நம் நேர்மைக்கும் இழுக்கு. எல்லாவற்றினும் மேலாக, வேண்டியதைப் பெற வேண்டாததை நம்புவதாக நடிக்கலாம் என்ற பாடத்தைப் பிள்ளை முதலில் நம்மிடமே கற்றுக்கொள்ளும். அதனைத் திருத்தும் வல்லமை எந்த வகுப்பறைக்கும் இல்லை. நடந்து செல்லும் தொலைவில் உள்ள பொதுப் பாடசாலையும், அங்கே கிடைக்கும் அயல்வீட்டுத் தோழமையும் குறைவான செல்வங்கள் அல்ல.

இனித் தமிழுக்கு வருகிறேன். கத்தோலிக்கப் பாடசாலைக்குச் சென்றால் தமிழ்ப் பண்பு அழியும் என்று அஞ்சுவோர், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரையும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகளையும் நினைத்தல் வேண்டும். தமிழ் எந்த ஒரு சமயத்தின் தனியுடைமையும் அன்று. அதே வேளை, எந்தப் பாடசாலையும் கேளாமல் தமிழைத் தந்துவிடாது.

ஒன்ராறியோவில் 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டம் இன்று அனைத்துலக மொழிகள் திட்டம் என வழங்குகிறது. இருபத்தைந்து ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு மொழியைக் கேட்டால், கல்விச் சபை அதற்கு வகுப்பு அமைத்தல் வேண்டும். இவ்விதி கத்தோலிக்கச் சபைக்கும் பொதுச் சபைக்கும் ஒன்றே. இருபத்தைந்து பிள்ளைகள்! நம் வட்டத்தின் மாதக் கூட்டத்துக்கு வரும் குடும்பங்களைச் சேர்த்தாலே இத்தொகை நிறையும். எந்தப் பாடசாலை என்று ஆண்டுக்கணக்கில் விவாதிக்கும் நாம், இந்தக் கையொப்பங்களைத் திரட்ட ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குகிறோமா?

வகுப்புக் கிடைத்தாலும் வாரத்துக்கு இரண்டரை மணி நேரமே. வாரத்தின் 168 மணி நேரத்துள் அது ஒரு துளி. அத்துளி வற்றாதிருக்க வீட்டுப் பேச்சு வேண்டும்; பிள்ளை விரும்பி எடுக்கும் நூலும் வேண்டும். பனியையும் மேப்பிள் மரத்தையும் பாடசாலைப் பேருந்தையும் அறிந்த பிள்ளைக்கு, அவற்றைத் தமிழிற் சொல்லும் பாட்டு எத்தனை உள்ளது? கவிஞர் பெருமக்களே, நாவலர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய பணி உங்களுடையது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. பாடசாலையை உங்கள் நம்பிக்கைக்கு நேர்மையாகத் தெரிவுசெய்யுங்கள். தெரிந்தெடுத்த இடத்தில் தமிழைக் கேட்டுப் பெறுங்கள். பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம், அடுத்த ஆண்டில் ஒரு பாடசாலையிலேனும் அந்த இருபத்தைந்து கோரிக்கைகளைச் சேர்த்துக் கொடுக்குமாயின், அதுவே இந்த விழாவின் நிறைவு எனக் கொள்வேன்.

வட்டத்தின் பணி வளர்க!