அவசரப் பிரிவில் அக்குபங்சர்: வலி குறையுமா?

கணுக்கால் பிசகி, நொண்டிக்கொண்டே அவசரப் பிரிவுக்குப் போகிறவரின் மனத்தில் ஓடுவது ஒரே கேள்விதான்: இந்த வலி எப்போது குறையும்? எலும்பு முறியவில்லை என்று தெரிந்தால் வலி மாத்திரை கொடுத்து உட்கார வைப்பார்கள். அந்த நேரத்தில் அக்குபங்சர் ஊசி கைகொடுக்குமா?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மார்க் கோஹன் என்ற பேராசிரியர் தலைமையில், 4 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் அந்த ஆய்வு நடந்தது. முடிவு 2017இல் வெளியானது. திடீர் இடுப்புவலி, ஒற்றைத் தலைவலி, கணுக்கால் சுளுக்கு என்று வந்த 528 பேரில் ஒரு பகுதியினருக்கு ஊசி மட்டும், இன்னொரு பகுதியினருக்கு மருந்து மட்டும், மற்றவர்களுக்கு இரண்டும் தரப்பட்டன.

மொத்தத்தில், மருந்துக்கு ஊசி சளைத்ததாக இல்லை. கேட்பதற்கு இனிப்பான செய்திதான். ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து நல்ல நிவாரணம் கண்டவர்கள் மூன்று குழுக்களிலும் சேர்த்து 40 விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது, ஊசியும் முழுதாக வெல்லவில்லை, மருந்தும் வெல்லவில்லை. தமக்கு ஊசி போடப்படுகிறது என்பது நோயாளிகளுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. ஆயினும் 48 மணி நேரம் கழித்துக் கேட்டபோது, ஊசி மட்டும் பெற்றவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் அதையே ஏற்போம் என்றார்கள். வலி மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்கு இது சிறிய விஷயமல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்த ஆய்வு நடந்தது மருத்துவமனைக்குள்ளே. நெஞ்சுவலி, வாய் கோணுதல், திடீரெனக் கை கால் விழுதல், தலையில் அடி, இதுவரை கண்டிராத கடும் தலைவலி, இடுப்புவலியோடு சிறுநீர் அடைபடுதல் ஆகியவற்றுக்கு ஊசி தேடி ஓடக்கூடாது. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழைக்க வேண்டும். வலியை அடக்கிவிட்டால் நோய் அடங்கிவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் ஊசி போடுமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெஞ்சுப் பகுதியில் தவறாக இறங்கும் ஊசி நுரையீரலையே குத்திவிடலாம். அரிதுதான், ஆனாலும் நடந்திருக்கிறது. சிங்கப்பூரில் அக்குபங்சர் செய்பவர் முறைப்படி பதிந்திருக்க வேண்டும். ஊசி புதிதாகப் பிரிக்கப்பட்டதா என்று கேட்க எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.