உடல் கற்கும் பாடம்



முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து நெல் விளையும் நமது கம்பம் பள்ளத்தாக்கின் வளத்தை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஒரு காலத்தில் இப்பள்ளத்தாக்கு ‘பிளேக்’ என்னும் கொள்ளைநோய்க்கும் பெயர் பெற்றிருந்தது. இங்கு அந்நோய் நிலைத்திருந்தது பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 1934ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயிற்று.

தானியம் சேருமிடத்தில் எலி சேரும். நோயுற்ற எலி மாண்டால், அதன் மேலிருந்த தெள்ளுப்பூச்சி மனிதனை நாடிக் கடிக்கும். கிருமியும் உடலுள் புகும்.

அப்பொழுது உடல் வாளா இருப்பதில்லை. குருதியிலுள்ள வெள்ளணுக்கள் பகைவனை அடையாளம் கண்டு, அவனுக்கென்றே பொருந்தும் எதிர்ப்பொருளை உண்டாக்குகின்றன. புதிய வகுப்பில் நுழையும் ஆசிரியர், மாணவர் முகங்களை அறியச் சில நாட்கள் வேண்டும் அல்லவா? அதுபோல உடலுக்கும் முதன்முறை ஓரிரு வாரங்கள் வேண்டும். பிளேக்கோ அத்தனை நாள் பொறுப்பதில்லை. பாடம் முடியுமுன் தேர்வு வந்துவிடுகிறது!

பாடத்தை முன்னரே நடத்திவிட்டால் என்ன? அதுவே தடுப்பூசியின் தத்துவம். ஹாஃப்கின் என்ற அறிஞர் பம்பாயில் பிளேக் கிருமிகளைச் சூட்டினாற் கொன்று மருந்தாக்கி, 1897 ஜனவரியில் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். செத்த கிருமி நோய் தராது. ஆனால் அதன் முகம் உடலின் நினைவில் பதியும். உண்மைக் கிருமி வரும்போது எதிர்ப்பு விரைந்து எழும்.

அந்த ஊசி முழுக் காப்பு அளிக்கவில்லை. அளித்த காப்பும் சில மாதங்களே நின்றது. எனினும் சாவைக் குறைத்தது. எலி ஒழிப்பும் பூச்சிக்கொல்லியும் புதிய மருந்துகளும் பின்னர்த் துணை வந்தன. பெரியம்மையிலோ தடுப்பூசி முழு வெற்றி கண்டது. அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. 2014இல் இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடெனச் சான்று பெற்றது.

நோய் கண்ணுக்கு மறைந்ததும் ஊசி எதற்கு என்ற அலட்சியம் தலைதூக்குகிறது. தட்டம்மைத் தடுப்பூசி நம் நாட்டில் ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே குழந்தைக்குப் போடப்படுகிறது. அதுவரை அப்பச்சிளங்குழவிக்கு அரண் யார்? ஊசி போட்டுக்கொண்ட அண்ணனும் அக்காளும் அண்டை வீட்டாருமே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காப்புப் பெற்றால்தான் தட்டம்மை பரவ வழியின்றி அடங்கும்.

ஆகவே, உங்கள் தெருவில் ஊசி போடப்படாத குழந்தை உண்டா என்று இன்றே விசாரியுங்கள். இருப்பின், அதன் தாயாரிடம் பணிவுடன் எடுத்துரையுங்கள். கற்ற கல்வி பிறருக்குப் பயன்படும் இடம் அதுவே.